தானே ஏறிப் பார்த்தவர்

அவர் லிஃப்ட் மெக்கானிக். திருப்பதி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள லாட்ஜுகள் பலவற்றில் அவர்தான் வேலை பார்த்தார். பழுது முடிந்து கதவை மூடியதுமே மானேஜர்கள் ஆட்களை ஏற்றப் பார்ப்பார்கள். மொட்டை போட்ட குடும்பங்கள் பெட்டியும் லட்டுப் பையுமாகக் கீழே காத்துக்கொண்டிருக்கும். இவர் கையை நீட்டி மறிப்பார்.

"நான் ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்."

தனியாக ஏறுவார். ஒவ்வொரு மாடியிலும் நிறுத்தி, கதவு திறந்து மூடுவதைப் பார்த்து, உச்சி வரை போய் இறங்கி வருவார். ஒருமுறை நான் பக்கத்தில் இருந்தபோது மானேஜர் ஒருவர் எரிச்சலாகச் சொன்னார், "அதான் மீட்டர்ல எல்லாம் கரெக்டா காட்டுதே, இன்னும் இன்னா சார்?"

"மீட்டருக்கு வயித்தக் கலக்காது சார்" என்றார் இவர்.

என் அம்மா சித்தூரில் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். என்னைப் பெற்ற நைனா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அந்த ஃபேக்டரியின் சரக்கு லிஃப்ட்டைச் சரி செய்ய வந்தவர்தான் இவர். டின்கள் மட்டும் போகிற சின்ன லிஃப்ட் அது. அதற்குள்ளும் முட்டியை மடக்கி உட்கார்ந்து மேலே போய் வந்தாராம். டின்னுக்கு என்ன பயம், நீங்கள் ஏன் ஏறுகிறீர்கள் என்று அம்மா கேட்டிருக்கிறாள். "டின்னு நசுங்கினா திட்டு வாங்கப்போறது நீங்கதான" என்று பதில் வந்திருக்கிறது. அதற்கு மேல் அவர்கள் எப்படிப் பழகினார்கள் என்பதை நான் கேட்டதில்லை. நான் பத்தாவது முடித்துக் காலேஜில் இன்டர் முதல் வருடம் சேர்ந்தபோது ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டார்கள். வாரம் முழுக்கத் திருப்பதியில் இருப்பார், சனிக்கிழமை சாயங்காலம் சித்தூருக்கு வருவார்.

எனக்கு அப்போது கீழ்த்தாடை முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். வாயை மூடினால் கீழ்ப்பல் வரிசை மேல்வரிசைக்கு வெளியே நிற்கும். காலேஜில் என் பெயர் 'டிராயர்'. மேஜை டிராயரை இழுத்துவிட்டு மூட மறந்ததுபோல இருக்கிறதாம். என்னைக் கண்டால் தாடையை வெளியே தள்ளிக் காட்டுவதற்கு வகுப்பில் நான்கைந்து பேர் இருந்தார்கள்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கைகழுவும் இடத்துக் கண்ணாடிக்கு முன்னால் நின்றிருந்தார். கையில் தோசை. தாடையை முன்னால் தள்ளி, கீழ்ப்பல்லை வெளியே நீட்டி, தோசை ஓரத்தைக் கடிக்கப் பார்த்தார். முடியவில்லை. மறுபடி தாடையைத் தள்ளினார். நான் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது. காலேஜில் செய்வது போதாதென்று வீட்டிலும் ஒரு ஆள் வந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டு என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

அதற்குப் பிறகு நான் அவரிடம் பேசவில்லை. சண்டையெல்லாம் போடவில்லை. கேட்டால் 'உம்', கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். கட்டாயம் கூப்பிடவேண்டி வந்தால் "இந்தாங்க". நைனா என்று வராது. அங்கிள் என்றால் அம்மாவுக்குக் கஷ்டமாக இருக்கும். பெயர் சொல்லவும் முடியாது. அவர் என்னை முதல் நாளிலிருந்தே 'பாபு' என்றார். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அதேதான்.

அந்தத் தோசைக்கு அடுத்த வாரம்தான் அம்மா திடீரென்று என்னைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அங்கிருந்து திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பல்லுக்குக் கம்பி கட்டினார்கள். வளர்ச்சி நின்ற பிறகு, இன்டர் முடிந்து வரும் கோடை விடுமுறையில் ஆபரேஷன் என்றார்கள். எத்தனையோ வருடமாக இருக்கிற தாடை அம்மாவுக்கு அப்போது மட்டும் ஏன் கண்ணில் பட்டது என்று நான் யோசிக்கவில்லை.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்து விளக்கினார். வாய்க்குள்ளிருந்தே கீழ்த்தாடை எலும்பை இரண்டு பக்கமும் அறுத்து, பின்னால் தள்ளி, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைப்பார்கள். அந்த எலும்புக்குள்ளேதான் உதட்டுக்குப் போகிற நரம்பு இருக்கிறது. அதனால் கீழுதடும் மோவாயும் மரத்துப்போகும். சிலருக்குச் சில மாதத்தில் சரியாகும், சிலருக்குக் கொஞ்சம் அப்படியே தங்கிவிடும். சொல்லிவிட்டு அவரைப் பார்த்து, "ஃபாதர் நீங்கதானே?" என்றார்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். "அவங்கம்மாவோட வீட்டுக்காரரு மேடம்."

சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார் எல்லோரும் என்னிடம் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள், "ஒண்ணும் ஆவாது." சொல்லச் சொல்ல என் பயம் ஏறியது. அட்மிட் ஆகப் போன அன்று வராண்டாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, வேறு யாரும் இல்லாததால், "வலிக்குமா?" என்று கேட்டுவிட்டேன். கிட்டத்தட்ட இரண்டு வருடத்தில் நானாக அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"தெரியல பாபு. என்னிய யாரும் அறுத்ததில்ல." பிறகு, "பண்ணிக்கினவங்க யாருனா இருப்பாங்க, கேட்டுப் பாக்கறேன்" என்று எழுந்து போனார்.

கேட்டும் வந்தார். செக்கப்புக்கு வந்திருந்த காளஹஸ்திப் பெண் ஒருத்தியையும் அவள் அப்பாவையும் பிடித்துக் கேன்டீனில் உட்காரவைத்து விசாரித்திருக்கிறார். "வலி அவ்ளோ இல்லியாம். மூக்கு அடைச்சிக்கும், வாயும் தொறக்காது, அதான் பேஜாராம். ரெண்டாம் நாளு வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சாம், ரொம்ப பயந்துட்டாளாம்" என்றார். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அதைக் கேட்டதும் எனக்கு ஏன் நிம்மதியாக இருந்தது என்று இன்றும் சரியாகத் தெரியவில்லை.

ஆண்கள் வார்டில் துணைக்கு ஆண்தான் இருக்கவேண்டும். போதாததற்கு மாம்பழ சீசன், அம்மாவுக்கு லீவு கிடைக்காது. அதனால் அவர்தான் என்னோடு தங்கினார். இரண்டு வருடம் பேசாமல் இருந்தவனைப் பேச முடியாதவனாக்கி அவர் பக்கத்தில் படுக்கவைத்தார்கள். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் குட்டி குட்டி ரப்பர் பேண்டுகளால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். முகம் பூசணிக்காய். எது வேண்டுமானாலும் போனில் டைப் செய்து காட்டுவேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் எனக்குக் குமட்டியது. ஆபரேஷனின்போது வயிற்றுக்குள் போன ரத்தம் அது என்று பிறகு சொன்னார்கள். அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: வாய் திறக்காது, மூக்கு அடைத்திருக்கிறது, வயிற்றிலிருந்து ஏதோ மேலே வருகிறது. செத்துப்போய்விடுவேன் என்று நினைத்தேன். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்தேன். நர்ஸ் வார்டின் அந்தக் கோடியில் இருந்தார்.

அவர் எழுந்து வந்து என் பின்னங்கழுத்தில் கை வைத்து முன்னால் அழுத்தினார். நான் முரண்டு பிடித்தேன்.

"குனி பாபு. பல்லு சந்துல வெளிய வந்துடும். நான் பண்ணிப் பாத்தேன்."

குரல் உயரவில்லை. லாட்ஜில் மானேஜரிடம் பேசுவதுபோலத்தான் இருந்தது. 'ஒண்ணும் ஆவாது' என்று அவர் சொல்லியிருந்தால் நான் குனிந்திருக்கமாட்டேன். குனிந்தேன். பல்லிடுக்கு வழியாகவும் கன்னத்தோரம் வழியாகவும் கறுப்பாக வந்து அவர் பிடித்திருந்த பேசினில் விழுந்தது. மூச்சு திரும்பியது. நர்ஸ் ஓடிவந்து பார்த்துவிட்டு, அப்படித்தான் குனிய வைக்கவேண்டும், நல்லவேளை என்றார்.

வாய் துடைத்துப் படுத்த பிறகு போனில் டைப் செய்து காட்டினேன்: எப்ப பண்ணிப் பாத்தீங்க?

"காலைல. பாத்ரூம்ல. வாய் நெறய தண்ணி வெச்சிக்கினு, பல்லக் கடிச்சிக்கினு குனிஞ்சேன். மொதல்ல மூக்குல வந்துச்சி. அப்புறம் நல்லா குனிஞ்சப்போ சரியா வந்துச்சி" என்றார்.

டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் மத்தியானம் அம்மாவின் அண்ணனை என்னோடு உட்காரவைத்துவிட்டு அவர் காணாமல் போனார். சாயங்காலம் திரும்பியபோது சட்டையெல்லாம் தூசி. எங்களுக்குப் பேசியிருந்த காரிலேயே சித்தூர் வரை போய்விட்டு வந்திருக்கிறார், பின்சீட்டில், பல்லைக் கடித்துக்கொண்டு. "சந்திரகிரி தாண்டி ரோடு வேல நடக்குது, தூக்கித் தூக்கிப் போடுது. பாகாலா உள்ள பூந்து போலாம். தூரம், ஆனா தாடைல அடிக்கல." மறுநாள் அந்த வழியாகத்தான் போனோம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் டிரைவரின் தோளைத் தட்டினார். அந்த டிரைவர் எங்களை இறக்கிவிட்டபோது சிரிக்கவில்லை.

அவர் ஒரு மாதம் லீவு போட்டு எங்களோடு சித்தூரிலேயே இருந்தார். வீட்டில் எல்லாமே தண்ணீர் ஆகாரம். சிரிஞ்சின் முனையில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி, கன்னத்தின் ஓரமாக விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றவேண்டும். ராகி ஜாவா என்கிற கஞ்சி, வடிகட்டிய ரசம், அரைத்து வடித்த பருப்புச்சோறு. அவர் இன்னொரு சிரிஞ்சு வாங்கி வைத்துக்கொண்டார். எனக்குத் தருவதற்கு முன்னால் தன் பல்லைக் கடித்துக்கொண்டு கன்னத்தில் விட்டு இழுப்பார். சூடு அதிகமென்றால் ஆற்றுவார், திப்பி அகப்பட்டால் மறுபடி வடிகட்டுவார். ஒருநாள் நான் ஆசை தாங்காமல் 'பிரியாணி' என்று டைப் செய்துவிட்டேன். வாங்கிவந்து மிக்ஸியில் போட்டார். சாம்பல் நிறத்தில் ஒன்று வந்தது. இழுத்துப் பார்த்து, கண்ணை மூடி, கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"வாணாம் பாபு. இதக் குடிச்சா பிரியாணி மேல இருக்கற ஆசையே பூடும்."

ருசி பார்ப்பதோடு நின்றிருந்தால் சரி. நான் சாப்பிடுவதை மட்டுமே அவரும் சாப்பிட ஆரம்பித்தார். பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. அம்மா ஒருநாள் சமையலறையில் வெடித்தாள்.

"உனுக்கு இன்னாயா வந்துச்சி? அவனுக்கு வாய் கட்டிக்கீது. நீ ஏன் துன்னாம கெடக்கற?"

"சாயங்காலம் நாலு மணிக்கி தல சுத்துது. அவனுக்கும் அப்போ சுத்தும். அந்த நேரத்துக்கு ஒரு டம்ளர் சேத்துக் குடுக்கணும்" என்றார்.

சரியாகத்தான் சொன்னார், எனக்கு அந்த நேரத்தில்தான் தலை சுற்றியது. ஆனால் அந்த நாட்களில் எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் இருந்தது. என் வலி என்னுடையது, இவர் யார் அதில் பங்குக்கு வர என்று தோன்றும். கண்ணாடி பார்க்கப் பயந்து திரிந்தேன். வந்தவர்கள் எல்லாம் 'ஹீரோ மாதிரி ஆயிட்டான்' என்றார்கள். அவர் காலையில் என் முகத்தை உற்றுப் பார்த்து, "இடது பக்கம் வத்திடுச்சி. வலது இன்னும் கீது" என்று மட்டும் சொல்வார். அதனால் கண்ணாடியில் என்ன இருக்கும் என்று எனக்குப் பார்க்காமலேயே தெரிந்தது. ஒருநாள் துணிந்து பார்த்தபோது அவர் சொன்னது மாதிரியே இருந்தது.

ரப்பர் பேண்டுகள் குறைந்து, பேச்சு திரும்பி, குழைந்த சோறு விழுங்க ஆரம்பித்த பிறகும் உதட்டுக்கு உணர்வு வரவில்லை. தண்ணீர் குடித்தால் வழிவது தெரியாது. சோற்றுப் பருக்கை மோவாயில் ஒட்டியிருந்தால் தெரியாது. அம்மா "எப்பிடிடா இருக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "ஒண்ணுமே இல்லாத மாதிரி" என்பேன். "இல்லாத மாதிரின்னா எப்பிடி?" என்பாள். அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை காலை வாசலில் அவர் பைக் வேகமாக வந்து நின்றது. உள்ளே ஓடிவந்து என் எதிரே உட்கார்ந்தார். வாய் ஒரு பக்கம் தொங்கியது, ஓரத்தில் எச்சில் வழிந்தது. பக்கவாதம் என்று நினைத்தேன்.

"இப்பியா?" என்றார். நாக்கு குழறியது. "ஒதடு பெருசா வீங்கின மாரி, ஆனா இல்லாத மாரி. இப்பியா பாபு?"

கீழ்வரிசையில் ஒரு கடைவாய்ப்பல் சொத்தையாகி வருடக்கணக்கில் அவரைப் படுத்திக்கொண்டிருந்தது. ஊசிக்குப் பயந்து தள்ளிப்போட்டவர், அன்று போய்ப் பிடுங்கிக்கொண்டு, மரப்பு இறங்குவதற்குள் வீட்டுக்கு விரட்டி வந்திருக்கிறார். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுக் குடித்தார். பாதி சட்டையில் போனது. அதைக் குனிந்து பார்த்தார். ஆபரேஷனுக்குப் பிறகு நான் முதன்முதலாக அப்போதுதான் சிரித்தேன். தாடை வலித்தது, நிறுத்த முடியவில்லை.

"ஆமா, இப்பிடித்தான்" என்றேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கேட்டேன், "நீங்க ஏன் எல்லாத்தயும் செஞ்சி பாக்கறீங்க?"

"நீ எங்க சொல்ற? கேட்டா உம்-ங்கற. லிஃப்ட்டும் பேசாது, நீயும் பேசல. ஏறித்தான் பாக்கணும்."

"அன்னிக்கி கண்ணாடி முன்னாடி தோச துன்னீங்களே, அதுவும் அதுக்கா?"

அவருக்கு அது நினைவில் பெரிதாக இல்லை. "ஆங், அதுவா. நீ இட்லி தோசல்லாம் பிச்சிப் பிச்சி உள்ள தள்ளி முழுங்குவ. ஏன்னு புரியல. தாடைய அப்பிடி வெச்சிக் கடிச்சா, நெஜமாவே கடிக்க முடியல. அதான் உங்கம்மாகிட்ட சொன்னேன், பையன் பாதி சோத்த மெல்லாமத்தான் முழுங்கறான், டாக்டர்கிட்ட காட்டுன்னு."

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை, உதட்டைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் என் அறை வாசலில் வந்து நின்றார். வாய் நேராகியிருந்தது. ஏதோ தப்பு செய்துவிட்டு வந்தவர்போலக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "எனுக்கு வந்துடுச்சி பாபு" என்றார். உள்ளே வரவில்லை. அவரால் அதற்கு மேல் என்னோடு வரமுடியவில்லை என்பது எங்கள் இருவருக்குமே அப்போது தெரிந்தது. அவர் முகம் அவ்வளவு வாடி நான் வேறு எப்போதும் பார்த்ததில்லை.

டிகிரிக்குத் திருப்பதியில் சேர்ந்து ரயிலில் போய்வந்தேன். மழைக்காலம் ஆரம்பித்திருந்த ஒரு காலையில் பாகாலா ஜங்ஷனில் வண்டி நின்றது. பிளாட்பாரத்தில் டீ வாங்கி வாயில் வைத்தேன். சுட்டது. இடது பக்க உதட்டில், எறும்பு கடித்ததுபோல ஒரு சூடு. இன்னொரு வாய் வைத்தேன், மறுபடியும் சுட்டது. போனை எடுத்து அவருக்குத்தான் போட்டேன்.

"சுடுது" என்றேன்.

பின்னால் ஏதோ மோட்டார் ஓடும் சத்தம். அதை நிறுத்தச் சொன்னார். "எந்தப் பக்கம்?"

"இடது."

"வலது?"

"இல்ல. வருமா?"

"தெரியல பாபு" என்றார். பிறகு, "சூடா இன்னொரு டீ வாங்கிக் குடிச்சிக்கினே இரு. சட்ட மேல சிந்திக்காத."

வலது பக்கம் பெரும்பாலும் வந்தது. மோவாயின் வலது ஓரத்தில் ஒரு சின்ன இடம் மட்டும் வரவேயில்லை. இனி வராது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. முன்பல்லால் கொய்யாக்காயைக் கடிக்கிறேன். காலேஜில் எனக்கு வேறு பட்டப்பெயர் வைத்தார்கள், அது தாடையைப் பற்றியதல்ல.

நான் டிகிரி முடித்த வருடம் அவருக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்தது. அங்கே புதுக் கட்டடங்களுக்கு லிஃப்ட் மாட்டுகிறார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறார். நான் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலைக்குப் போய் சத்தியவேடில் அறை எடுத்திருக்கிறேன். அவரை எப்படிக் கூப்பிடுவது என்பது இன்னும் முடிவாகவில்லை. போனில் "ஆங், நான்தான்" என்று ஆரம்பித்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை அவருக்கு அங்கே விடுமுறை. என் சாப்பாட்டு நேரம் பார்த்து வீடியோ காலில் வருவார். கேன்டீன் மேஜையில் தண்ணீர் பாட்டிலுக்குச் சாய்த்துப் போனை நிறுத்திவைத்துவிட்டு நான் சாப்பிடுவேன். போன வாரம் ஏதோ ஒரு கட்டடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், இருபது மாடியோ என்னவோ, அதன் சூப்பர்வைசர் அவசரப்படுத்துகிறானாம். நான் சாம்பார் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். பேச்சை நிறுத்தாமலேயே அவர் தன் புறங்கையால் தன் மோவாயின் வலது ஓரத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டார். அங்கே ஒன்றும் இல்லை.

நான் என்னுடையதைத் துடைத்தேன். ஒரு பருக்கை இருந்தது.